பூரணத்துக்கு விழுந்த முதல் பூச்சி

காட்டை ஒட்டி ஓடும் ஆற்றில் ஒரு மடு இருந்தது. ஓடிக் களைத்த ஆறு கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்கிற ஆழமான இடம் அது. கரையில் ஒரு பெரிய புங்க மரம் நின்றது. அதன் கிளைகளில் பாதி தண்ணீருக்கு மேலே சாய்ந்திருந்தன.

அந்த மடுவில் பேச்சி என்றொரு தாய் விரால் தன் இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்தாள்.

பிள்ளைகள் என்றால் குஞ்சுகள் இல்லை, நன்றாக வளர்ந்தவர்கள். மகன் கொம்பையா, மகள் பூரணம். இரண்டு பேரும் ஒரே நாளில் பொரிந்தவர்கள். கொம்பையா கொஞ்சம் முந்திக்கொண்டான், அதனால் அண்ணன். ஆனால் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் தங்கைதான் மூத்தவள் மாதிரி இருப்பாள். கொம்பையா ஒல்லி. எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. பூரணமோ பேருக்கு ஏற்றபடி நிறைவாக இருப்பாள். இந்தப் பங்குனியில் அவள் வயிற்றில் முட்டையும் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை மேல்மடுவில் கோரைக்கு நடுவே கூடு கட்ட இடம் பார்க்கப் போயிருந்தான். இன்னும் பத்துப் பதினைந்து நாளில் பேச்சி பேரன் பேத்தி பார்த்துவிடுவாள்.

பேச்சியின் புருஷன் மாசானம் போன கோடையிலேயே போய்விட்டான். தூண்டிலில் தொங்கிய தவளையை விழுங்கி, அவள் கண் முன்னாலேயே மேலே போனான். பேச்சி அதே இடத்தில் ஒன்பது நாள் நின்றாள். இரை எடுக்கவில்லை. பத்தாம் நாள் பக்கத்துப் பாறையில் குடியிருந்த ஆமையக்கா வந்து அவள் முதுகை மெல்லத் தட்டினாள்.

"மேலே போனவங்க யாரும் திரும்பி வந்ததில்லை பேச்சி. நான் இத்தனை வருஷம் பாத்துட்டேன். அது அப்படித்தான். நீ எந்திரி."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சி எழுந்தாள். யாருமே வர முடியாது என்றால், இவன் வரவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை அல்லவா? அதுவே அவளுக்கு மருந்தாக இருந்தது.

விரால்கள் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருந்துவிட முடியாது. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போக வேண்டும். அப்படி வரும் ஒவ்வொரு தடவையும் பேச்சி வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவாள். "சாமி, என் பிள்ளைகளைப் பாத்துக்கோ" என்பாள். அவளுக்குத் தெரிந்த வேண்டுதல் அவ்வளவுதான்.

அந்த மடு விரால்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பங்குனியில் புங்கம்பூ உதிரத் தொடங்கும் முதல் சாயங்காலம், குடும்பத்தோடு கிளைக்கு அடியில் கூடுவார்கள். பூவோடு பூவாகப் பூச்சிகளும் தண்ணீரில் விழும். அந்த வருஷம் விழுகிற முதல் பூச்சியை யாரும் தொடக்கூடாது. அது முதல் தடவையாகத் தாயாகப் போகிற பெண்ணுக்கு. வீட்டுக்குப் பெரியவள் "எடும்மா" என்று சொன்ன பிறகு அவள் அதை எடுக்க வேண்டும். வானத்திலிருந்து விழுவதால் அது சாமி கொடுத்தது என்பது அவர்கள் நம்பிக்கை.

பேச்சிக்கும் அவள் அம்மா அப்படிச் சொல்லித்தான் கொடுத்தாள். பூரணத்துக்கு அதைச் சொல்லும் நாளுக்காக அவள் மாசி மாதம் முழுக்கக் காத்திருந்தாள்.

பூ உதிர மூன்று நாள் இருக்கும்போது கொம்பையாவைக் காணவில்லை. சாயங்காலம் இரை தேடப் போனவன் மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் வந்தான். மேல் உதடு கிழிந்து தொங்கியது.

"என்னலே இது வாய்?" பேச்சி பதறிப்போய்க் கிட்டே வந்தாள். "யாரு கடிச்சா?"

"யாரும் கடிக்கலம்மா. நான் மேலே போயிட்டு வந்தேன்."

"மேல்மடுவுக்கா? உன் மச்சானைப் பாத்தியா?"

"அந்த மேலே இல்லம்மா. தண்ணிக்கு மேலே. காத்துக்கு."

பூரணம் சிரித்துவிட்டாள். "காத்துக்குப் போனியா? றெக்கை எங்கே அண்ணே, கழட்டி வச்சிட்டு வந்தியா?"

கொம்பையா சிரிக்கவில்லை. "ஒரு பூச்சி விழுந்துச்சு. புங்கம்பூச்சி மாதிரியே இருந்துச்சு. கால் இருந்துச்சு, றெக்கை இருந்துச்சு. கடிச்சா வெறும் இறகும் நூலும். உள்ளே முள்ளு. அப்படியே இழுத்துட்டுப் போயிட்டான்."

"யாரு?"

"ஒரு ஆளு. தொடை அளவு தண்ணியில தூரத்துல நிக்கான். நாணல் மாதிரி நீளமா ஒரு கம்பு வச்சிருக்கான். அதை முன்னாலயும் பின்னாலயும் ஆட்டுறான். கயிறு வானத்துல பாம்பு மாதிரி நெளியுது. கடைசியில அந்தப் பூச்சி பூ விழுற மாதிரி வந்து விழுது. சத்தமே இல்லை."

"அப்புறம் எப்படிலே வந்தே?"

"என்னைக் கையில எடுத்தான். கையை முதல்லயே நனைச்சிருந்தான் போல, அதான் சுடவே இல்லை. முள்ளைக் கழட்டினான். அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்தான். 'எலும்பா இருக்கியேடா, தின்னு பெருசாகிட்டு வா'ன்னான். தண்ணிக்குள்ள விட்டுட்டான். எனக்கு நீந்தவே வரலை. காலையில வரைக்கும் கோரைக்குள்ள கிடந்தேன்."

பூரணத்தின் சிரிப்பு நின்றது. பேச்சியோ மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் இப்படி எதையாவது சொல்வது புதிதில்லை. சின்ன வயதில் ஒரு நாள் முதலை வந்துவிட்டது என்று மடு முழுக்க ஓட வைத்தான். போய்ப் பார்த்தால் வெள்ளத்தில் வந்த மரக்கட்டை. அவன் பொய் சொல்லவில்லை. கட்டையைப் பார்த்து நிஜமாகவே பயந்திருந்தான். ஆனாலும் பொய்யன் என்ற பெயர் அவன் மேல் ஒட்டிக்கொண்டது.

"மேலே போனவங்க திரும்பி வர மாட்டாங்க கொம்பையா" என்றாள் பேச்சி.

"நான் வந்துட்டேனேம்மா."

"வர மாட்டாங்க."

"அம்மா, நான் உன் முன்னாலதானே நிக்கேன்."

பேச்சி "அப்போ உங்கப்பா?" என்று கேட்டாள்.

கொம்பையாவுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். தெரியாததால்தான் குனிந்தான். ஆனால் பேச்சிக்கு அது பொய் சொன்னவன் தலை குனிந்த மாதிரி இருந்தது.

அன்று மத்தியானம் அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இவன் சொல்வது உண்மை என்றால் மேலே போனவர்கள் வரலாம். வரலாம் என்றால் மாசானம் ஏன் வரவில்லை? ஒன்பது நாளோடு அவள் எழுந்து வந்தது தப்பா? இன்னும் ஒரு நாள் நின்றிருந்தால்? யாராவது ஒருத்தர் "அதெல்லாம் கிடையாது" என்று சொல்லிவிட்டால் போதும் என்று தோன்றியது.

புங்கக் கிளையில் ஒரு மீன்கொத்தி எப்போதும் உட்கார்ந்திருப்பான். தண்ணீருக்கு மேலே நடப்பதும் கீழே நடப்பதும் அவன் கண்ணுக்குத் தப்பாது. பேச்சி அவனுக்குக் கீழே போய் மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க மதினி. மாசானம் அண்ணாச்சி போனதிலேர்ந்து நீங்க எங்கூட பேசுறதே இல்லையே" என்றான் மீன்கொத்தி.

"நேத்து சாயங்காலம் என் மகனை யாராவது மேலே தூக்கிட்டுப் போயி, திருப்பித் தண்ணியில விட்டாங்களா? நீ பாத்தியா?"

மீன்கொத்தி எல்லாவற்றையும் பார்த்திருந்தான். அந்த ஆள் வந்ததையும், கொம்பையா துடித்ததையும், அவனைத் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்து மெல்ல விட்டதையும் கிளையில் உட்கார்ந்தபடியே பார்த்திருந்தான். ஆனால் அவனுக்கு ஒரு பழைய குறை இருந்தது. மடுவில் இருக்கும் கெண்டைக் குஞ்சுகளில் பாதியை விரால்கள் தின்றுவிடுகின்றன. விரால் ஒன்று குறைந்தால் தன் வயிறு அவ்வளவு நிறையும். பூரணம் வேறு கூடு வைக்கப் போகிறாள். நூறு இருநூறு குட்டி விரால்கள் வந்துவிட்டால் தன் பாடு என்ன ஆகும்?

கழுத்தைச் சாய்த்துப் பேச்சியின் முகத்தைப் பார்த்தான். அவளுக்கு எந்தப் பதில் வேண்டும் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பிடிச்ச மீனைத் திருப்பி விடுறதா?" என்று சிரித்தான். "மனுஷன் அதுக்கா மதினி மெனக்கெட்டு ஆத்துல இறங்குறான்? நான் பொழுதுக்கும் இங்கேதான் இருக்கேன். அப்படி ஒண்ணும் நடக்கலை. பையன் நண்டுப் பொந்துல வாயை விட்டிருப்பான். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு கதை கட்டுறான்."

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் பேச்சி.

"அப்படியேதான். நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. நாளைக்கு மறுநாள் பூ உதிரும். மகளுக்கு நல்லபடியா முதல் பூச்சி எடுத்துக் குடுங்க."

பேச்சிக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கின மாதிரி இருந்தது. சொன்னவன் விரால் குஞ்சுகளையும் கொத்தித் தின்பவன் என்பதை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. பாவம், தாய் மனசு சில நேரம் அப்படித்தான் போய் விழுகிறது.

திரும்பி வந்து கொம்பையாவைக் கூப்பிட்டாள்.

"மீன்கொத்தியை விசாரிச்சுட்டு வந்தேன். அப்படி ஒண்ணும் நடக்கலைங்கான்."

"அவங்கிட்ட போயா கேட்டே?" என்றான் கொம்பையா. "நான் சொன்னது போதாதாம்மா?"

"நீ சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். நண்டு கடிச்சிருந்தா கடிச்சதுன்னு சொல்லு, நான் என்ன அடிக்கவா போறேன்? அதுக்கு உங்கப்பா போன பாதையை வச்சா கதை கட்டுவே? அவரே வராத இடத்திலேர்ந்து நீ மட்டும் வந்துட்டியாக்கும்?"

சொன்ன பிறகு அவளுக்கே நாக்கு கசந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"இனிமே இந்தக் கதையோட என் முன்னால வராதே. தங்கச்சிக்கு நல்ல காரியம் நடக்கிற நேரம். கண்ட பூச்சியைச் சொல்லி அவளைப் பயங்காட்டாதே."

கொம்பையா "சரிம்மா" என்றான். மடுவின் அந்தப் பக்கம் இருந்த பாறைக்கு அடியில் போய் இருந்துகொண்டான்.

பூரணம் கொஞ்ச நேரம் அந்தப் பாறையையே பார்த்தாள். "அண்ணன் சொன்னது பொய் மாதிரி தெரியலம்மா" என்றாள் தயங்கியபடி.

"உனக்கு என்ன தெரியும்? முதலை வந்துச்சுன்னு உன்னைத்தான் முதல்ல ஓட வச்சான்."

"அப்போ அவனும் கூடவே ஓடினானேம்மா. நம்மளை விட வேகமா ஓடினான்."

பேச்சி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் புங்கம்பூ உதிரத் தொடங்கியது. வெயில் சாய்ந்து ஆறு முழுக்கப் பழுத்த மஞ்சள் நிறமாக இருந்தது. வெள்ளையும் ஊதாவுமாய்ப் பூக்கள் பொரி அள்ளித் தூவினது போல வந்து தண்ணீரில் இறங்கின. பேச்சி பூரணத்தைக் கிளைக்கு நேர் கீழே நிறுத்தினாள். தான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஆமையக்கா பாறையில் ஏறித் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொம்பையா மட்டும் அந்தப் பக்கத்திலேயே இருந்தான். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான். பேச்சி கூப்பிடவில்லை.

"சாமி, என் பிள்ளைக்குக் குறை வைக்காதே" என்று கும்பிட்டாள்.

கும்பிட்ட நேரத்தில் பூச்சி விழுந்தது.

பூவை விட மெல்ல விழுந்தது. பழுப்பு நிறம். சின்ன றெக்கை. விழுந்த இடத்தில் ஒரு சின்ன வளையம் மட்டும் விரிந்தது. பேச்சி கவனமானவள். தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கரையில் ஆள் நிழல் இல்லை. தண்ணீரில் தூண்டில் தக்கை மிதக்கவில்லை. புழுவோ தவளையோ தொங்கவில்லை. மேலிருந்து விழுந்திருக்கிறது. சாமி கொடுத்ததுதான்.

"எடும்மா" என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் பாறைக்கு அடியிலிருந்து கொம்பையா பாய்ந்து வந்தான். கிழிந்த வாயை ஆவென்று திறந்துகொண்டு நேராகப் பூச்சியை நோக்கி வந்தான்.

பேச்சிக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. முதல் பூச்சி! தங்கைக்கு என்று விழுந்தது! வாலைச் சுழற்றி ஓங்கி ஒரு அடி அடித்தாள். அடி அவன் விலாவில் விழுந்தது. ஒல்லி உடம்பு. உருண்டு போய்ச் சேற்றில் விழுந்தான்.

"தங்கச்சி பங்கைப் பறிக்க வந்தியா, வெக்கம் கெட்டவனே?"

"அம்மா, வேண்டாம்மா. பூரணம், அதைத் தொடாதே" என்றான் கொம்பையா. சேறு கலங்கி அவன் முகமே தெரியவில்லை.

பூரணம் நின்றாள். அண்ணன் விழுந்த பக்கம் பார்த்தாள். "அம்மா, அண்ணன் என்னமோ சொல்றான்" என்றாள்.

"நான் சொல்றேன்ல. எடும்மா."

அம்மா சொன்ன பிறகு பூரணம் யோசிக்கவில்லை. அவள் எப்போதுமே சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. மேலே போய் அந்தப் பூச்சியை வாயில் எடுத்தாள்.

மறு நிமிஷம் அவள் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவளை இழுத்தது. பூரணம் ஆழத்துக்குப் பாய்ந்தாள். இழுவை விடவில்லை. பாறையைச் சுற்றினாள். கோரைக்குள் நுழைந்தாள். தூரத்தில் எங்கோ கிர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. பேச்சி பின்னாலேயே ஓடினாள். மகளின் வாயிலிருந்து விறைத்து நின்ற தூண்டில் நரம்பைப் பல்லால் கடித்தாள். அது வழுக்கிப் போனது. மறுபடி கடித்தாள். கொம்பையாவும் வந்து கடித்தான். அவனுக்கு வாய் கிழிந்திருந்ததால் பிடிக்கவே முடியவில்லை.

"அம்மா" என்றாள் பூரணம், ஒரே ஒரு தடவை.

பிறகு தண்ணீர் விலகியது. அவள் மேலே போய்விட்டாள்.

பேச்சி தண்ணீருக்கு மேலே தலையை நீட்டினாள். பாறைக்கு அப்பால், தொடை அளவு தண்ணீரில், கையில் நீளமான கம்போடு ஒரு ஆள் நின்றிருந்தான். கொம்பையா சொன்ன அதே ஆள். கொம்பையா சொன்ன அதே கம்பு. கொம்பையா சொன்னபடியே அவன் முதலில் கையை நனைத்துக்கொண்டு பூரணத்தைப் பிடித்தான்.

அந்த நிமிஷத்தில் மகன் சொன்னது அத்தனையும் பேச்சிக்கு வரி வரியாக ஞாபகம் வந்தது. அத்தனையும் உண்மையாக இருக்கட்டும் என்று அவள் வேண்டினாள்.

"விட்டுருவான்" என்றாள். "இவனை விட்டான்ல. அவளையும் விட்டுருவான். இப்போ முள்ளைக் கழட்டுவான். பாரு, கழட்டுறான். இப்போ தண்ணியில விடுவான்."

அந்த ஆள் முள்ளைக் கழற்றினான். பூரணத்தைக் கையில் ஏந்தி எடை பார்த்தான். "அடேயப்பா, நல்ல வளத்தி" என்றான். தோளில் தொங்கிய பையைத் திறந்து உள்ளே போட்டு மூடினான். மெல்லக் கரை ஏறிப் போனான்.

பூ மட்டும் உதிர்ந்துகொண்டே இருந்தது.

மீன்கொத்தி கிளையிலிருந்து எழப் பார்த்தான். பேச்சி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவளிடம் கத்துவதற்குக்கூடத் தெம்பு இல்லை.

"நீ பாத்தேல்ல. என் மகனை விட்டதை நீ பாத்தே."

"பாத்தேன்" என்றான் மீன்கொத்தி.

"ஏன் இல்லைன்னு சொன்னே?"

"நீங்க என்ன உண்மையைத் தேடியா வந்தீங்க மதினி? இல்லைன்னு சொல்ல ஒரு ஆளைத் தேடி வந்தீங்க. சொன்னேன்." சிறகை உதறிக்கொண்டு பறந்து போய்விட்டான்.

பேச்சி அடியில் போய்ச் சேற்றில் படுத்துவிட்டாள். மூச்சுக்கு மேலே வரவில்லை. விரால் மேலே வராமல் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? கண் இருட்டிக்கொண்டு வந்தது. வரட்டும் என்று கிடந்தாள்.

யாரோ அவள் வயிற்றுக்கு அடியில் நுழைந்து முட்டித் தள்ளினார்கள். ஒல்லியான முதுகு. தள்ள முடியாமல் தள்ளினது.

"மேலே வாம்மா. ஒரு வாய் காத்து குடி."

"விடுலே. நான் எதுக்கு?"

"வா. எனக்குத் தனியா இருக்கத் தெரியாது."

அவன் தள்ளத் தள்ள அவள் மேலே வந்தாள். காற்று குடித்தாள். வழக்கம் போலக் கும்பிட வாய் வரவில்லை.

கொம்பையாவின் விலாவில் அவள் அடித்த இடம் சிவந்து வீங்கியிருந்தது. பேச்சி அதைப் பார்த்தாள். பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அது இறகும் முள்ளும்னு உனக்குத் தெரியுமே. தெரிஞ்சும் ஏன்லே வாயைத் திறந்துக்கிட்டு ஓடி வந்தே?"

கொம்பையா மெல்லச் சொன்னான். "என்னைன்னா விட்டுருவான்ல. நான் எலும்புதானே. அதான் அவளுக்கு முந்தி நான் கடிச்சிரலாம்னு..."

பேச்சி மகன் பக்கத்தில் ஒட்டி நின்றாள். அடிபட்ட இடத்தில் படாமல் நின்றாள். அவர்களைச் சுற்றிப் பூச்சிகள் விழுந்தன. நிஜப் பூச்சிகள்தான். இரண்டு பேரும் தொடவில்லை. ஆமையக்கா பாறையில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"மேல்மடுவுக்கு யாராவது போய் மாப்பிள்ளைகிட்ட சொல்லணும்" என்றாள் பேச்சி. "எந்த முகத்தை வச்சுக்கிட்டு நான் போவேன்?"

"நான் போறேன். காலையில போறேன்."

"என்னன்னு சொல்லுவே?"

"பூரணம் முள்ளுன்னு தெரியாம எடுத்துட்டாள்னு சொல்லுவேன்."

"நான்தான் எடுக்கச் சொன்னேன்னு சொல்லு."

கொம்பையா அப்படிச் சொல்ல மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. அது அவளை இன்னும் அறுத்தது.

வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. தண்ணீரின் மஞ்சள் போய்ச் சாம்பல் நிறம் வந்தது.

"கொம்பையா."

"என்னம்மா?"

"மேலே போனேன்னு சொன்னேல்ல அன்னைக்கு. அங்கே எப்படி இருந்துச்சு? அவளுக்கு இப்போ எப்படி இருக்கும்? முதல்லேர்ந்து சொல்லு. நான் குறுக்கே பேசலை."

கொம்பையா முதலிலிருந்து சொன்னான். காற்று தோலில் சூடாகப் பட்டதைச் சொன்னான். வெளிச்சம் கண்ணைக் குத்தினதைச் சொன்னான். கை நனைந்திருந்ததால் ரொம்ப வலிக்கவில்லை என்று சொன்னான். பயத்தில் அம்மாவை நினைத்ததைச் சொன்னான். அன்றைக்கு அதைச் சொல்ல அவனுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. பேச்சி ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். அவன் சொல்லி முடித்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

காயத்தோடு வந்து நம் பிள்ளை சொல்லும் சொல்லை, அது நம் மனதுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் அன்றைக்கே உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டு அழுதுகொண்டே கேட்கிற நாளில், காப்பாற்ற வேண்டியவர் நம்மோடு இருப்பதில்லை.